ஃபுல் காட்டிய முள்

உடுமலைப் பக்கம் முப்பது வயதான கார் ஒன்று இருந்தது. கால்நடை மருத்துவர் மரகதவல்லி அதில்தான் தோட்டம் தோட்டமாகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். அந்தக் காரின் டேஷ்போர்டில், கண்ணாடிக்குப் பின்னால், மூன்று முட்கள் குடியிருந்தன. ஸ்பீடு முள், சூட்டு முள், பெட்ரோல் முள்.

மூவரில் பெட்ரோல் முள்தான் சாது. டேங்கில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும், கூட்டாது, குறைக்காது. ஆனால் அதைப் பார்த்து யாரும் முகம் மலர்ந்ததில்லை. "அதுக்குள்ள இறங்கிருச்சா?" என்று டாக்டர் அலுத்துக்கொள்வதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு மதியம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டாக்டர் ஹெட்லைட்டைப் போட்டார். அந்த நொடியில் எங்கிருந்தோ வந்த கரண்ட் பெட்ரோல் முள்ளுக்குள் புகுந்து அதை அப்படியே மேலே தூக்கியது. டேங்கில் பாதிகூட இல்லை. முள்ளோ ஃபுல்லில் போய் நின்றது.

"அட, நிறைய இருக்கே!" என்றார் டாக்டர்.

முள்ளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கீழே இறங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், இறங்க ஆசையும் இல்லை.

பக்கத்தில் சூட்டு முள் சிவப்புக் கோட்டுக்குத் தாவி, "ஐயோ, என்னை எதுக்கு இங்கே கொண்டுவந்து விட்டீங்க? எஞ்சின் நல்லாத்தானே இருக்கு!" என்று அலறியது. டாக்டர் பதறிப்போய் வண்டியை நிறுத்தி, மழையில் நனைந்தபடி பானெட்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"இந்த முள்ளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று திட்டிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

கெட்ட செய்தி சொன்ன முள்ளை அன்றோடு நம்பாமல் விட்டார். நல்ல செய்தி சொன்ன முள்ளின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மழை விடவில்லை; வண்டி ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தது. மூன்றாம் நாள் மலையடிவாரத் தோட்டத்திலிருந்து மயிலாத்தாள் என்ற பெண் போன் செய்தாள். "டாக்டரம்மா, கன்னுக்குட்டி ஒரு காலு மட்டும் வெளிய வந்து நிக்குதுங்க. மாடு துடிக்குதுங்க. சீக்கிரம் வாங்க!"

டாக்டர் பறந்தார். மழை கொட்டியது, ஹெட்லைட் எரிந்தது, முள் ஃபுல்லில் நிமிர்ந்து நின்றது. தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

பானெட்டைத் திறந்தார். ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல்தான் நிறைய இருக்கிறதே, வேறு என்ன? பத்து நிமிடம் அதிலேயே போயிற்று. கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினார்.

அவர் சாவியை எடுத்ததுமே முள் பொத்தென்று கீழே விழுந்திருந்தது. தனியாக நின்ற காருக்குள் அது வெட்கத்தில் குறுகிக் கிடந்தது.

பொழுது சாய்வதற்குள் டாக்டர் மயிலாத்தாளோடு திரும்பிவந்தார். முழங்கால்வரை சேறு. "கன்னு பொழைச்சுது, மாடும் பொழைச்சுது. இன்னும் அஞ்சு நிமிஷம் தாமதிச்சிருந்தா ரெண்டுமே போயிருக்கும்" என்று காரைப் பார்த்துச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று மயிலாத்தாள் கேனில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றினாள். வண்டி உடனே கிளம்பியது. டாக்டர் முள்ளை முறைத்த முறைப்பில் அதற்கு உயிரே போய்விடும்போல இருந்தது.

மறுநாள் காலை, கார் ஒயரிங் வேலை பார்க்கும் தாவூதிடம் வண்டி போனது.

"எல்லா மீட்டரையும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடுங்க பாய்."

"இருங்கம்மா" என்றார் தாவூத். "ஒரு முள்ளு பொய் சொன்னா அந்த முள்ளைச் சந்தேகப்படலாம். ரெண்டு முள்ளு ஒரே நேரத்துல பொய் சொன்னா, கோளாறு வேற எங்கயோ இருக்கு."

டேஷ்போர்டுக்குள் ஒரே கூச்சல். "என்னை இழுக்காதீங்க. எனக்குக் கரண்டே கிடையாது. கியர் பாக்ஸ்லருந்து வர்ற கேபிள்தான் என்னைச் சுத்துது" என்றது ஸ்பீடு முள். "எல்லாம் இந்த ஃபியூஸ் பண்ணுன வேலை!" என்றது சூட்டு முள். "நான் போயிருந்தா நீங்க அசைஞ்சிருக்கவே மாட்டீங்க. இந்த ஆட்டத்துக்கு என்கிட்ட வராதீங்க" என்று ஃபியூஸ் சீறியது. பெட்ரோல் முள் மட்டும் அடியிலேயே ஒண்டிக் கிடந்தது.

தாவூத் ஃபியூஸைச் சோதித்தார். டேங்கிலிருந்து வரும் ஒயரைச் சோதித்தார். பிறகு தனியாக ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையை மீட்டரிலும் மறுமுனையைக் காரின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "ஹெட்லைட்டைப் போடுங்கம்மா" என்றார்.

மங்கியிருந்த மீட்டர் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன; இரண்டு முட்களும் சட்டென்று தங்கள் இடத்துக்கு வந்து நின்றன.

"எர்த் இல்லைம்மா. மீட்டர் விளக்குக்குப் போற கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம இந்த முள்ளுங்களுக்குள்ள புகுந்திருக்கு."

டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். துருப்பிடித்த போல்ட் ஒன்றில் பாதி கழன்ற நிலையில் கறுப்பு ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ யாரு?" என்று சூட்டு முள் கேட்டது.

"உங்க எல்லார்கிட்டயும் வர்ற கரண்ட் வேலையை முடிச்சுட்டு என் வழியாத்தான் திரும்பிப் போகும். துருவேறி ரெண்டு மாசமா அவஸ்தைப்படறேன்" என்றது கறுப்பு ஒயர்.

"ஒரு வார்த்தை சத்தம் போட்டிருக்கலாமே?"

"நீங்க தாறுமாறா ஆடுனீங்களே, அதுதான் நான் போட்ட சத்தம்."

தாவூத் உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினார். டாக்டர் சாவியைப் போட்டு, விளக்கையும் போட்டார். பெட்ரோல் முள் பயந்துகொண்டே, கேனில் வந்ததில் மிச்சமிருந்த கொஞ்சத்தைக் காட்டியது. திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டது.

"கொஞ்சந்தான் இருக்கு. போற வழியில போட்டுக்கறேன்" என்றார் டாக்டர். குரலில் அலுப்பே இல்லை. கண்ணாடியை ஒருமுறை செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

தனக்குக் கிடைத்த அந்தப் பாராட்டு கறுப்பு ஒயருக்குச் சேரவேண்டியது என்று பெட்ரோல் முள்ளுக்கு உறுத்தியது. கீழே இருட்டில் இருந்த அதனிடம் மெதுவாகக் கேட்டது: "எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விளக்கு இருக்கு. உனக்குத்தான் ஒண்ணுமே இல்லை. நீ இருக்கிறது டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

"உங்க விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்ப நான் இருக்கேன்."