சிவப்புக் காருக்குப் புது டயர்

கொக்கரப்பாளையத்துப் பங்காளிகளை யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் வேறெங்கே இருக்கிறார்கள்?

அவர்களில் தண்டபாணியிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். அவன் தங்கை வசந்தமணிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை சபரிநாதன் சீர்செனத்தி எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பன்று பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அந்தக் காரில் வரவேண்டும், அவ்வளவுதான். தண்டபாணி சபையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டான்.

"காரு வரலீன்னா எங்க மாப்பிள்ளை கோயில விட்டு எந்திரிக்க மாட்டாருங்க" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வசந்தமணி சிரிக்கவில்லை. "அண்ணா, அன்னிக்கு மட்டும் எதாச்சும் கோளாறு பண்ணிப்போடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காரின் டயர்கள் நாலும் வழுக்கையாகியிருந்தன. அழைப்பன்று காலையில் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காரைச் செங்கல் மேல் நிறுத்தினார்கள். தண்டபாணி, பங்காளிகள் நாச்சிமுத்து, செங்கோடன் மூவரும் டெம்போ ஏறிக் கோயமுத்தூர் சம்சுதீன் பாய் கடைக்குப் போனார்கள். டெம்போ டிரைவர் குழந்தைவேலுவும் பங்காளிதான்.

"தம்பி, இந்த வண்டிக்கு முன்னால சின்ன வீலு, பின்னால பெரிய வீலு" என்றார் பாய்.

பங்காளிகள் கடை வாசலில் குந்தி ஆலோசித்தார்கள்.

"முன்னால தாழ்வு, பின்னால ஒசரம். அப்படின்னா காரு எந்நேரமும் எறக்கத்துலயே போகும்டா!" என்றான் நாச்சிமுத்து.

"போறப்ப எறக்கம், சரி. திரும்பி வரப்ப?" என்றான் செங்கோடன்.

"திருப்பிட்டா அப்பவும் மூக்கு முன்னாலதானடா இருக்கும்? அப்பவும் எறக்கந்தான்."

"அப்பப் பெட்ரோலே வேண்டாமா!"

தண்டபாணி துள்ளி எழுந்தான். "எறக்கத்துலயே போனா மண்டபத்துல எப்புடிடா நிக்கும்? மாப்பிள்ளையோட அப்புடியே பாலக்காடு போயிருமே!"

"பெருச முன்னால போட்டுக்கலாம்" என்றான் குழந்தைவேலு.

"அப்ப ஆயுசுக்கும் மேடு. என்ஜினுக்கு மூச்சு வாங்கும்டா" என்றான் நாச்சிமுத்து.

பாய் குறுக்கே வந்தார். "தம்பிகளா, வண்டியில பிரேக் இருக்கு. நிக்கும்." அடடா, இது யாருக்கும் தோன்றவில்லையே என்று நால்வரும் பாயை மெச்சிக்கொண்டார்கள்.

"பெரிய வீல் போட்டா டயரு மெலிசாயிரும். பாக்க அழகு, ஆனா குழியில எறங்குனா இடுப்பு போயிரும். ஒரு இஞ்ச் சின்ன வீல் போட்டா டயரு தடிமன், சொகுசா இருக்கும். எது வேணும்?" என்றார் பாய்.

"யாரு இடுப்புங்க பாய் போகும்?"

"உக்காந்திருக்கறவங்க இடுப்புதான்."

தண்டபாணி நெஞ்சில் கை வைத்தான். "அப்ப மாப்பிள்ளை பக்கம் தடிமனாப் போடுங்க. ஓட்டறது நானு. எம்பக்கம் மெலிசே போதும், தங்கச்சிக்காகத் தாங்கிக்கறேன்."

பாய் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். யாரையும் கேட்காமல் நாலு புது வீலுக்கும் தடிமன் டயரையே மாட்டிவிட்டுச் சொன்னார்: "புது டயரு. கொஞ்ச தூரம் பதமா ஓடி ரோட்டோட பழகணும். அப்புறம், டயரு நல்லா ஆறினதுக்கப்புறம் காத்து அளவு பாருங்க. சூட்டுல பாத்தா தப்பாக் காட்டும். காத்துப் பாக்காம வண்டிய ஓட்டாதீங்க."

"பழக வேண்டியது டயருதானே, காரு எதுக்கு?" என்றான் நாச்சிமுத்து. ஆளுக்கு ஒரு வீலாகக் கையால் உருட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். டெம்போ பாய் கடை வாசலிலேயே நின்றது. வழியில் பள்ளம் வந்த இடமெல்லாம் நிறுத்தி, "இதுதான் குழி, பாத்துக்க" என்று டயருக்குக் காட்டினார்கள். வேகத்தடையையும் அறிமுகம் செய்துவைத்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சித்திரை வெயிலில் உருண்ட டயர்கள் கொதித்தன. விசிறினார்கள், ஈரத் துண்டு போட்டார்கள், செங்கோடன் மோர்கூடத் தெளித்துப் பார்த்தான். சூடு இறங்கவில்லை. அந்த நேரம் தாய்மாமன் போன் செய்தார்.

"மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா உக்காந்திருக்காரு. காரு எங்கீங்க?"

"கெளம்பிட்டமுங்க!" என்று தண்டபாணி பதறிச் சொல்லிவிட்டான்.

"கெளம்பிட்டம்னு சொல்லிட்டியே, இனி நிக்கக் கூடாதே" என்றான் நாச்சிமுத்து. பிறகு முகம் மலர்ந்தான். "காத்துப் பாக்காம ஓட்டக் கூடாதுன்னுதான் பாய் சொன்னாரு. தூக்கக் கூடாதுன்னு சொல்லலியே!"

கொக்கரப்பாளையத்தில் சாமி சப்பரம் தூக்காத தோளே கிடையாது. ஊர்ப் பங்காளிகள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். செங்கல் மேலிருந்த காருக்கு அடியில் மூங்கில்களைக் கொடுத்துத் தூக்கினார்கள். கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றினார்கள். ஓட்டுகிறவன் இருக்கையில் இரண்டு வீலை அடுக்கி, மீதி இரண்டை மாப்பிள்ளை மடியில் வைத்தார்கள். டயர் ஆறுவதற்காக என்ஜினைப் போட்டு ஏசியை முழுசாகத் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஏதோ கேட்க வாயைத் திறந்தார், பல் தந்தியடித்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

மேளம் முழங்க ஊர்வலம் மண்டபத்தை அடைந்தது. மாடி ஜன்னலில் நின்ற வசந்தமணிக்கு உயிர் வந்தது. எப்படியோ கார் வந்துவிட்டது, அவளுக்கு அது போதும். தண்டபாணி டயரைத் தொட்டுப் பார்த்தான். ஐஸ் மாதிரி இருந்தது. வாசலிலேயே நாலையும் மாட்டிக் காற்றுப் பார்த்தார்கள். அளவு அப்படியே சரியாக இருந்தது.

பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். மாப்பிள்ளை நடுங்கியபடி இறங்கிப் படியில் கால் வைக்கப் போனார். தண்டபாணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"மாப்ள, நான் சபையில வாக்குக் குடுத்தவன். நீங்க காருல வரலீங்க. நீங்களும் காரும் சேந்து எங்க தோள் மேல வந்தீங்க. மறுக்காக் கோயிலுக்குப் போயி மொறையா ஓட்டிட்டு வந்தர்லாமுங்க."

தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, அதான் வீல் மாட்டிட்டீங்கல்ல? ஏறி ஓட்டுங்கப்பா!"

"இங்கிருந்தே ஓட்டுனா டயரு சூடாயிருமுங்களே!" என்றான் செங்கோடன். "அப்பறம் கோயில்ல ஆற வெச்சு மறுபடி காத்துப் பாக்கோணும்."

இதில் இருந்த நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. காரை மறுபடியும் தூக்கினார்கள். வீல் மாட்டியதில் கனம் கூடிவிட்டது என்று ஒரு தோள் கூடுதலாகத் தேவைப்பட்டது. சும்மா நின்றுகொண்டிருந்த ஆள் மாப்பிள்ளை ஒருவர்தான். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மாலையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்.

மாப்பிள்ளை கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று, பங்காளிகளைப் பார்த்து அதட்டினார்.

"யோவ், ஒசத்திப் பிடிங்கய்யா! டயரு தரையில பட்டுறப் போகுது!"