கீழத்தெருவில் பொங்கிய பச்சைத் தண்ணீர்

மழை பிடித்தால் விடாமல் கொட்டுகிற கொன்றையூர்ச் சீமையை முன்னொரு காலத்தில் மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவன் சிரித்தால் பரிசு, முறைத்தால் தண்டனை! அவனுடைய அமைச்சர் தில்லைநாயகம். அவர் வாயைத் திறந்தாலே ராஜா விழுந்து விழுந்து சிரிப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் படைக்குத் தலைவரான தளவாய் கடம்பராயருக்கு வயிறு எரியும்.

ஊர்க் கழிவு வெளியே போக, ராஜாவின் முப்பாட்டனார் மண்ணுக்கடியில் செங்கல் சாக்கடை கட்டியிருந்தார். ஊர் பெருத்துவிட்டது; சாக்கடை மட்டும் அப்படியே கிடந்தது. மழை வந்தால் போதும், பள்ளத்தில் இருந்த கீழத்தெருவில் கல்மூடிகள் எகிறும். மலமும் சேறும் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

அந்த வருஷம் தேரோட்டத்தன்று மழை கொட்டியது. தேருக்கு முன்னால் நடந்து வந்த ராஜா, கீழத்தெருவில் முழங்கால் வரை சாக்கடைக்குள் நின்றான்!

மறுநாள் சபையில் கடம்பராயர் துள்ளி எழுந்தார். "பிரபு, கீழத்தெருக்காரர்கள் குப்பையைக் கொட்டி அடைத்துவிடுகிறார்கள். அந்தத் தெருவையே இடித்துத் தள்ளிவிட்டு, பெரிய சாக்கடையாகத் தோண்டிவிடலாம்!"

"இடியுங்கள்!" என்றான் ராஜா.

முறையிட வந்திருந்த கீழத்தெருக் கூட்டத்திலிருந்து பாய் பின்னுகிற பூவாயி முன்னால் ஓடி வந்தாள். "மகாராசா, நாங்க கொட்டுறதுதான் காரணம்னா தெனமும்ல பொங்கணும்? வெயில் காலத்துல ஒரு சொட்டு வெளிய வராது சாமி! மழை பேஞ்சாத்தானே மூடி எகிறுது!"

தில்லைநாயகத்துக்குச் சட்டென்று பொறி தட்டியது. கழிவு போகிற சாக்கடைக்குள் மழைக்கு என்ன வேலை? யாரோ உள்ளே இறக்கிவிடுகிறார்கள்!

"பிரபு, யாரோ மழைத் தண்ணீரைச் சாக்கடைக்குள் விடுகிறார்கள். அடுத்த மழை வரைக்கும் பொறுங்கள். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன்."

"முடியாவிட்டால்?" என்றார் கடம்பராயர்.

"என் பதவி உமக்கு."

கடம்பராயருக்கு வாயெல்லாம் பல். "சரி! எந்த வீட்டிலிருந்து அந்தத் தண்ணீர் வருகிறதோ அந்த வீட்டை இடிக்க வேண்டும். ஆணையிடுங்கள், பிரபு!"

"ஆணை!" என்று சிம்மாசனத்தைத் தட்டினான் ராஜா.

"அப்படியானால் அரண்மனை மாடியில் மஞ்சள் பொடியும், தளவாய் வீட்டு மாடியில் அவுரி நீலமும் கொட்ட அனுமதி வேண்டும்" என்றார் அமைச்சர்.

"தாராளமாகக் கொட்டும்! மாடியில் கோலம் போட்டால் சாக்கடை அடங்கிவிடுமோ?" கடம்பராயர் சிரித்த சிரிப்பில் சபையே சேர்ந்துகொண்டது.

பொடி கொட்டிய கையோடு வானம் இருண்டது. இடி இடித்தது. ராஜாவும் சபையும் குடையோடு கீழத்தெருவுக்கு ஓடினார்கள். மூடி ஆடியது, குதித்தது, எகிறியே விட்டது! வந்தது வெறும் பழுப்புத் தண்ணீர். தில்லைநாயகம் குனிந்து உற்று உற்றுப் பார்த்தார். 'நிறம் வழியிலேயே கரைந்து போயிற்றோ?'

"பதவியைக் கழற்றும், அமைச்சரே!" என்று கடம்பராயர் கையை நீட்டினார்.

"அய்யோ, பாருங்க, பாருங்க!" என்று பூவாயி கத்தினாள்.

பச்சை! கிளிப்பச்சையாகத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது!

"பச்சையா? நீர் போட்டது மஞ்சளும் நீலமும் அல்லவா?" என்றான் ராஜா.

"இரண்டும் கலந்தால் பச்சைதானே, பிரபு! மாடியில் விழுகிற மழையெல்லாம் குழாய் வழியாகச் சாக்கடைக்குள் இறங்குகிறது. மேலத்தெரு மாளிகைகள் எல்லாமே இப்படித்தான். வயசான சாக்கடை எவ்வளவைத்தான் விழுங்கும்?"

கடம்பராயர் குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். ராஜாவின் கண் சிவந்தது. "அப்படியானால் என் ஆணைப்படி என் அரண்மனையையே இடிக்க வேண்டுமா?"

தில்லைநாயகம் முன்னால் வந்து கும்பிட்டார்.

"குற்றம் செய்தது வீடு முழுவதும் இல்லையே, பிரபு. சாக்கடைக்குள் வாயை விட்டிருக்கிற அந்தக் குழாய்தான்! அதை இடியுங்கள். ஆணையும் நிற்கும், அரண்மனையும் நிற்கும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த மழையிலேயே கடப்பாரையை வாங்கிப்போய் அரண்மனைக் குழாயைத் தானே உடைத்தான். மேலத்தெரு முழுக்கக் குழாய்களை உடைத்து, மாடித் தண்ணீரை முற்றத்துக் குளங்களுக்குத் திருப்பினார்கள். கடம்பராயர் சலவைக்கல் பதித்த தம் முற்றத்தைப் பெயர்த்து, தம் கையாலேயே மண்வெட்டி பிடித்துக் குளம் வெட்டினார். சாக்கடையின் விரிசல்களையும் கொத்தர்கள் பூசி முடித்தார்கள்.

அடுத்த பெருமழை வந்தது. ஊரே கல்மூடியைச் சுற்றி நின்றது. மூடி லேசாக ஆடியது. பிறகு அடங்கியே போனது! கீழத்தெரு குலவையிட்டது, குடையை வீசிவிட்டு ஜனங்கள் மழையில் ஆடினார்கள்.

"உள்ள வாங்க மகாராசா! எங்க வீட்டுல மழைநாள்ல அடுப்பு எரியறது இதுதான் முதல் தடவை!" என்றாள் பூவாயி.

கூரைக்குக் குனிந்து உள்ளே போன ராஜா, சுடச்சுடக் கம்பு அடையை ஊதி ஊதித் தின்றான். "அமைச்சரே, கேளும்! என்ன பரிசு வேண்டும்? ஊரா, யானையா?"

வாய் நிறைய அடையோடு தில்லைநாயகம் கையை நீட்டினார். "அதெல்லாம் அப்புறம், பிரபு! முதலில் தட்டில் இருக்கிற அந்தக் கடைசி அடையை எனக்கு விட்டுவிடுங்கள்!"