ஏழு வருஷம் உயிரோடு இருக்க வேண்டிய ஆள்

எங்கள் தெருவில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அதிலும் எதிர்வீட்டு அண்ணன் தம்பி மூன்று பேர் இருக்கிறார்களே, சாத்தூர் முழுக்க சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி மூன்று தலைகளை ஒரே கூரைக்குக் கீழே பார்க்க முடியாது. மூத்தவர் இருளப்பன், வயது எழுபத்தெட்டு. அடுத்தவர் சங்கரலிங்கம், எழுபத்து நான்கு. கடைக்குட்டி குருசாமி, எழுபது. மூவரும் ஓய்வு பெற்றவர்கள். எந்த வேலையிலிருந்து என்று கேட்காதீர்கள். வேலை பார்த்தபோதும் ஓய்வாகத்தான் இருந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருள் எதுவானாலும் மூடி வைக்க வேண்டும். சோபா வந்து பதினோரு வருஷம் ஆகிறது, கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. மிக்ஸிக்கு ஒரு சட்டை, டிவிக்கு ஒரு பாவாடை. ரிமோட்டுகளைப் பாலித்தீன் உறையில் போட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள்.

படுக்கையறைச் சுவரில் ஒரு ஏசி. ஓசூரில் இருக்கும் இருளப்பனின் மகன் மாட்டிவிட்டுப் போனது. முதல் நாள் பத்து நிமிஷம் ஓடியது. அந்தப் பத்து நிமிஷமும் இருளப்பன் மீட்டர் பெட்டி முன்னால் நின்று, அதில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிற வேகத்தைப் பார்த்தார். தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றே ஏசிக்குப் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டாயிற்று. மூன்று வருஷம் ஆகிறது.

பாவம், இருளப்பனின் மனைவி செண்பகவல்லி. எழுபத்தொரு வயது. சாத்தூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சித்திரை பிறந்தால் அந்த அம்மாளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி முழுக்க விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள்.

"நான் சாகுறதுக்குள்ள ஒரே ஒரு கோடை அந்த ஏசிக் காத்துல கண்ணசரணும். வேற ஒண்ணும் கேக்கல" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். எனக்கே மனசு கேட்கவில்லை. நான்தான் சோலார் பேனல் போடுகிற ஜெகதீசனை அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஜெகதீசன் தங்கமான பையன். பொறுமையாக விளக்கினான். "பெரியப்பா, ஒரு தடவை செலவு. மிச்சமாகுற கரண்ட் பில்லுல ஏழு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். அதுக்கப்புறம் வர்றது எல்லாம் சும்மா. பேனல் இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும்."

அவன் போனதும் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"பேனல் இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும். சரி. நாம உழைப்பமா?" என்றார் இருளப்பன்.

"அதான் கேள்வி" என்றார் சங்கரலிங்கம். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டா நமக்கு நஷ்டம். அண்ணனுக்கு எழுபத்தெட்டு. ஏழு வருஷம் போனா எண்பத்தஞ்சு. அப்பா எண்பத்து நாலுல போயிட்டாரு."

"அப்ப ஒரு வருஷம் இடிக்குதே" என்று இருளப்பன் கவலைப்பட்டார்.

"எனக்கு ஆஞ்சியோ பண்ணியிருக்கு. என்னை நம்பி எதுலயும் காசு போடாதீங்க" என்றார் சங்கரலிங்கம்.

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி குருசாமியைப் பார்த்தார்கள். குருசாமி அப்போதுதான் ஒரு வாழைக்காய் பஜ்ஜியை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"தம்பி, அதைக் கீழ வை" என்றார் இருளப்பன்.

இப்படியாக, ஏழு வருஷம் உயிரோடு இருக்க வேண்டிய பொறுப்பு குருசாமி தலையில் விழுந்தது. செண்பகவல்லி சமையலறையிலிருந்து, "எனக்கு பிரஷர் இல்ல, சுகர் இல்ல, என்னை ஒருத்தரும் கேக்கலியே" என்றாள். மூவரும் முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை.

மறுநாளே குருசாமியின் சைக்கிளைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டார்கள். பஜ்ஜி கிடையாது, பரோட்டா கிடையாது, மாடிப்படி ஏறக்கூடாது. அவர் தும்மினால் இரண்டு அண்ணன்களும் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள்.

"ஏழு வருஷம் பல்லைக் கடிச்சுக்கடா. அதுக்கப்புறம் நீ எப்படிப் போனாலும் யாரும் தடுக்கமாட்டோம்" என்று இருளப்பன் பாசத்தோடு தேற்றினார்.

வைகாசியில் பேனல் வந்தது. மொட்டை மாடியில் இடுப்பு உயரக் கம்பி நட்டு, மேலே வரிசையாகப் பொருத்தினான் ஜெகதீசன். போகும்போது, "ரெண்டே விஷயம் பெரியப்பா. பேனல் மேல நிழல் படக்கூடாது. தூசி படியக்கூடாது" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கொல்லையில் ஒரு வேப்பமரம் இருந்தது. சாயங்காலம் அதன் உச்சிக் கிளையின் நிழல் ஒரு பேனலின் மூலையில் ஒரு முழம் விழுந்தது. கிளையை வெட்டினால் போதும் என்று நான் சொன்னேன். "இன்னைக்குக் கிளை, நாளைக்கு மறுபடி துளிர்க்கும்" என்றார் சங்கரலிங்கம். மரமே போயிற்று. அதுவரை படுக்கையறை ஜன்னலில் வெயில் படாமல் காத்துவந்தது அந்த மரம்தான். அன்றிலிருந்து அந்த அறை அப்பளம் சுடலாம் போலக் கொதித்தது. செண்பகவல்லியின் வேர்க்குரு கழுத்துக்கும் ஏறியது.

அடுத்தது காக்கை. காக்கை பறந்தால் நிழல் விழுகிறதே! சங்கரலிங்கம் கம்போடு மாடியில் காவல் நின்றார். நின்றால் அவர் நிழலே பேனலில் விழுந்தது. உட்கார்ந்தார். கம்பின் நிழல் விழுந்தது. கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வாயாலேயே "உஷ், உஷ்" என்று விரட்டினார்.

மேகம் வந்தபோது ஜெகதீசனுக்குப் போன் போட்டார்கள்.

"தம்பி, வடக்க ஒரு மேகம் நிக்குது. நிழல் விழப் போகுது. என்ன செய்யட்டும்?"

"அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது பெரியப்பா."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?" என்று இருளப்பன் கோபித்துக்கொண்டார்.

தூசியோ இன்னும் மோசம். துடைத்துவிட்டு இறங்குவதற்குள் ஒரு லாரி போகும், மறுபடி படியும். நான்காம் நாள் காலையில் மறுபடி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"தூசி எப்ப வருது? பகல்ல வண்டி போகும்போது. காக்கா எப்ப வருது? பகல்ல. நிழல்?" என்றார் சங்கரலிங்கம்.

"அதுவும் பகல்லதான்" என்றார் இருளப்பன்.

"அப்ப எல்லாச் சனியனும் பகல்லதான் வருது. பேனலைப் பகல் பூரா மூடி வச்சு, பொழுது சாஞ்சதும் தொறந்தா என்ன?"

இருளப்பன் தம்பியின் தோளைத் தட்டி, "இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். அன்றே ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கி பேனலைப் போர்த்தினார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு மூடுவார்கள், மாலை ஆறரைக்குத் திறப்பார்கள். நிழல் இல்லை, காக்கை இல்லை, தூசியும் இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜெகதீசன் தன் போனில் பார்த்தால் அந்த வீட்டுப் பேனல் மூன்று வாரமாகப் பூஜ்யம் காட்டுகிறது. பதறிப்போய் ஓடிவந்தான். தார்ப்பாயைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

"பெரியப்பா! வெயில் பட்டாத்தான் கரண்ட் வரும்!"

"வெயிலா? அதை நீ சொல்லவே இல்லியே. நிழலையும் தூசியையும்தான் சொன்ன" என்றார் இருளப்பன்.

தார்ப்பாயை அவனே உருவி மடித்து அவர் கையில் கொடுத்தான். "இனிமே இதை மேல கொண்டு வராதீங்க. கீழ போய் ஏசியைப் போடுங்க. கதவைச் சாத்தி வைங்க. நிம்மதியா இருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

செண்பகவல்லி ஏசியின் சேலை உறையைக் கழற்றினாள். சுவிட்சைப் போட்டாள். தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்குள் கால் வைக்கப் போனாள்.

"நில்லு" என்றார் இருளப்பன். "முதல்ல குருசாமி. ஏழு வருஷம் கெடாம இருக்க வேண்டியவன் அவன்தான். காய்கறியைக்கூட ஃபிரிட்ஜுலதானே வைக்கிறோம்?"

குருசாமியைக் கட்டிலில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். செண்பகவல்லி தலையணையோடு கதவுக்கு வெளியே நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கணவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, கொழுந்தனாருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, ஸ்பேர் யாரு?"

அண்ணனும் தம்பியும் திகைத்துப் போனார்கள். அந்த வீட்டில் டார்ச்சுக்கு ஸ்பேர் உண்டு, குக்கர் வாஷருக்கு ஸ்பேர் உண்டு. குருசாமிக்கு மட்டும் இல்லை.

"மதினிக்கு பிரஷர் இல்ல, சுகர் இல்ல" என்றார் சங்கரலிங்கம், புதிதாகக் கண்டுபிடித்தவர் போல.

செண்பகவல்லி உள்ளே போனாள். "ஸ்பேருக்கு ஸ்பேர் நான்" என்று சங்கரலிங்கம் போனார். தான் மட்டும் வெளியே கெட்டுப்போவானேன் என்று இருளப்பனும் போனார்.

அரை மணி நேரம் கழித்து, என்ன ஆயிற்றோ என்று நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகன் வைத்துவிட்டுப் போன பதினெட்டிலேயே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி மட்டும் கட்டிலில் ஓரமாகப் படுத்து, முகத்தில் சிரிப்போடு, லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே தரையில் அந்த நீலத் தார்ப்பாய் மேடாகக் கிடந்து கிடுகிடுவென்று நடுங்கியது. அதன் ஓரத்தில் ஆறு பாதங்கள் தெரிந்தன.

"குளிரைக் குறைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ரிமோட்டு உறைக்குள்ள இருக்குல்ல. பட்டன் அமுங்க மாட்டேங்குது" என்றார் சங்கரலிங்கம் உள்ளேயிருந்து.

"அப்ப சுவிட்சை அணைச்சுட்டு வெளிய வாங்களேன்!"

தார்ப்பாய் கொஞ்சம் விலகி இருளப்பனின் தலை வெளியே வந்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சும்மா வர்ற கரண்டை எவனாவது அணைப்பானா? நீங்க முதல்ல கதவைச் சாத்துங்க" என்றவர், தார்ப்பாய்க்குள் தலையை இழுத்துக்கொண்டு தம்பிகளிடம் சொன்னார்: "இன்னும் ஆறு வருஷம் பதினோரு மாசம்தான். அதுவரைக்கும் யாரும் அசையாதீங்கடா."