பன்னிரண்டு எட்டு கிழக்கே

மலைமேல் ஓர் ஊரில், தோட்டமாகவே அமைத்த பழைய இடுகாடு ஒன்று இருந்தது. வளைந்து ஏறும் பாதைகள், இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், இடையிடையே பளிங்குக் கற்கள்.

ஒரு காலை, ஞானசீலி என்ற பஸ் கண்டக்டர் முதல் வண்டியில் வந்திறங்கி, மூச்சிரைக்க அதன் இரும்புக் கேட்டைத் தள்ளினாள்.

"மெதுவா! இங்கே யாரும் ஓடி வர்றதில்லை," என்றது கேட். "யாரைப் பார்க்கணும்?"

"சவரிமுத்துங்க. எங்கம்மாவோட தாத்தா. இந்தத் தோட்டத்தைப் போட்டதே அவர்தானுங்க! இங்கதான் புதைச்சாங்கன்னு முந்தாநாள் சர்ச் பதிவேட்டுல பார்த்தேன். அப்பப் பிடிச்சு தூக்கமே இல்லீங்க."

"அந்தப் பேர்ல கல் இல்லையே," என்று இழுத்தது கேட். "சீக்கிரம் தேடு. கல் இல்லாத இடத்தையெல்லாம் கார் நிறுத்த சர்ச் கமிட்டி ஒதுக்கிடுச்சு. உள்ளே அவங்க வேலையாள் ரூபன் சுண்ணாம்புக்கோடு போட்டுட்டிருக்கான்."

"தோட்டக்காரர் சவரிமுத்து எங்கேங்க?" என்று கேட்டபடி அவள் ஓடினாள். கற்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கூப்பிட்டன.

"என்னைப் படி! நான் எஸ்டேட் முதலாளியின் கல்!"

"நான் கப்பலில் வந்த பளிங்கு!" என்றது தேவதைச் சிலை. "தோட்டக்காரனா? எங்கள் வரிசையில் ஏது?"

ஒரு கர்னலின் கல் மட்டும் வாய் திறக்கவில்லை.

சரிவில் சிவக்கச் சிவக்கப் பூத்து நின்ற காட்டுப்பூவரசு கிளைகளை உலுக்கியது. "இங்கே வாம்மா! என் வேருக்குப் பக்கத்துல படுத்திருக்கார். என்னை நட்ட கை அது!"

ஞானசீலி சரிவுக்கு ஓடினாள். ஆனால் அந்த மரம் ரூபன் போட்ட கோட்டுக்குள் நின்றது.

"மரம் சொன்னா கமிட்டி கேட்காதுங்கக்கா," என்றான் ரூபன். "எழுத்துல ஏதாவது வேணும்."

அப்போதுதான் கர்னலின் கல் தொண்டையைச் செருமியது. "என் பின்பக்கம் வா. இதுவரை யாரும் வந்ததில்லை. பாசியைச் சுரண்டு."

அவள் வீட்டுச் சாவியால் சுரண்டினாள். உளியால் வெட்டிய சின்னச் சின்னத் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன:

'தோட்டக்காரர் சவரிமுத்து. கிழக்கே பன்னிரண்டு எட்டு. அவருக்குக் கல் தரவில்லை. அதனால் இதில் வெட்டினேன். கொத்தன் மிக்கேல்.'

"ரூபன் தம்பி, ஓடி வா!"

இருவரும் அந்தக் கல்லிலிருந்து கிழக்கே எட்டு வைத்து, சேர்ந்து எண்ணினார்கள். பன்னிரண்டாவது எட்டு காட்டுப்பூவரசின் அடியில் போய் நின்றது. ரூபன் செருப்பைக் கழற்றிவிட்டு, தான் போட்ட கோட்டைத் தானே காலால் அழித்தான். ஞானசீலி மண்ணில் கை வைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து விசிலை எடுத்து, மலையே கேட்க இரண்டு முறை ஊதினாள்.

தேவதைச் சிலைக்கு ஆறவில்லை.

"இனி வருகிறவர்களெல்லாம் உன் முதுகைத்தானே பார்ப்பார்கள்? ஏன் காட்டிக் கொடுத்தாய்?" என்று கர்னலின் கல்லைக் கேட்டது.

"என்மேல் வெட்டியதில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்," என்றது கல்.