எண்பத்தேழு ஜன்னல்

வீரபாகுவுக்கு வயது அறுபத்தொன்று. நாற்பது வருஷம் மளிகைக் கடை நடத்திவிட்டு மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்தவர். குரு தவமணி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதில் அவருக்கு ஒரு வெட்கமும் கிடையாது. வெட்கமெல்லாம் மடத்துக் கம்ப்யூட்டர் முன்னால்தான்.

அன்றைக்குக் காலை அவர் குருவிடம் ஓடி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

“அம்மா, எனக்குப் பொறுமை வர ஒரு வழி சொல்லுங்க.”

“என்னத்துக்கு?”

“பத்து மணிக்குப் பினாங்குல என் பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க. மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியது நான். வீடியோவுலதான். என்கிட்ட இருக்கிறதோ பட்டன் போன். இந்தக் கம்ப்யூட்டர்ல பிரவுசர் சனியன் அரை மணி நேரமா சுத்திக்கிட்டே நிக்குது. ஆத்திரத்துல மானிட்டரை ரெண்டு தட்டு தட்டிட்டேன்.”

“பொறுமை எதுக்கு? பிரவுசரை மாத்துங்க,” என்றார் அம்மா.

வீரபாகு விழித்தார். வேதாந்தமாக ஏதாவது வரும் என்று நினைத்திருந்தார், பாவம்.

அம்மா வந்து பார்த்தார். திரையின் அடியில், திறந்து மூடாத பக்கங்கள் ஜன்னல் ஜன்னலாகக் கிடந்தன. எண்ணினார். எண்பத்தேழு.

“ஒண்ணைக்கூட மூடலையா?”

“ஐயையோ, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கம்மா! கடைக்காரன் வாயில வரக்கூடாத வார்த்தை. ராத்திரி பூட்டும்போதுகூட ‘கடையை எடுத்து வை’ன்னுதான் சொல்லுவோம். அதான் எல்லாத்தையும் கீழே எடுத்து வெச்சிருக்கேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நீங்க மடத்துக்கு வந்த மூணு வருஷமா இத்தனையும் சுமந்திருக்கு. சனியன்னு வேற திட்டுறீங்க. முதல்ல ஒரு கும்பிடு போடுங்க.”

போட்டார். மனசாரத்தான் போட்டார். அம்மா எண்பத்தேழையும் சேர்த்து மூடினார். வீரபாகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பிறகு அம்மா, தான் படிப்பதற்கு வைத்திருந்த சின்ன பிரவுசரைத் திறந்தார். மேலே ஒரு கட்டம், கீழே வெள்ளை. அவ்வளவுதான்.

“இதுல பஞ்சாங்கம் எங்கே? தங்கம் விலை எங்கே? மழை வருமான்னு காட்டுமே, அது எங்கே?”

“பேத்தி எங்கேன்னு கேளுங்க.”

மகன் அனுப்பியிருந்த முகவரியைத் தட்டினார்கள். வாயில் கட்டைவிரலோடு பேத்தி வந்துவிட்டாள். மணி பத்தாக இரண்டு நிமிஷம் இருந்தது.

“குழலி… குழலி… குழலி!”

மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. பினாங்கில் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை கண்ணைத் திறந்து குரல் வந்த பக்கம் பார்த்தது. இதைவிட என்ன வேண்டும் மனுஷனுக்கு!

பேசி முடித்தபோது வீரபாகுவின் துண்டு நனைந்திருந்தது.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா,” என்றார். சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தினார்.

“என்ன பண்றீங்க?”

“கீழே எடுத்து வைக்கிறேன். என் பேத்தி வந்த ஜன்னல்மா இது. இதைப் போய் எப்படி… அந்த வேலையைப் பண்ணுவேன்?”

“இதை மூடாம வெச்சா, நாளைக்குக் குழலி கூப்பிடும்போது எதைத் திறப்பீங்க, ஐயா?”