ஜன்னல் வழியே ஒரு முகூர்த்தம்

வேப்பங்குடி அண்ணன் தம்பிகள் மூவருக்கும் பிறவியிலேயே மூளை அதிகம். யாருக்காவது சிக்கல் என்றால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடி வருவார்கள். சிக்கலே இல்லாத வீட்டுக்கும் வருவார்கள். அவர்கள் கிளம்பும்போது அங்கேயும் ஒன்று இருக்கும்.

அக்காள் மகள் கோமதிக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் ஆயிற்றே, யார் தடுக்க முடியும்? மூத்தவர் நல்லதம்பி, இரண்டாமவர் பழனியாண்டி, கடைசி செங்கோடன்.

"மாப்பிள்ளை ரூம்ல சீர் சாமானெல்லாம் இருக்கு, பூட்டிடுங்க மச்சான். சாவிய எவன் கையிலயும் குடுத்துடாதீங்க" என்றார் பெண்ணின் அப்பா தங்கராசு.

பூட்டினார்கள். பிறகு செங்கோடனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நம்ம கையும் கைதானேண்ணே?"

"ஆமாடா!" நல்லதம்பி சாவியைக் கிணற்றில் போட்டார்.

உள்ளே மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

முகூர்த்தம் நெருங்கியது. உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டுத் தங்கராசு ஓடி வந்தார்; சாவி கிணற்றில் என்று தெரிந்தது. உடைக்கலாம் என்றால் மண்டபத்துக்காரர் குறுக்கே நின்றார். "தேக்குக் கதவுங்க. ஒரு கீறல் விழக்கூடாது, சொல்லிட்டேன்."

"நாழியாறது!" என்று ஐயர் பதறினார். "இதை விட்டா தை மாசம்தான். மாப்பிள்ளை கையால தாலி ஏறியாகணும்!"

பழனியாண்டியின் முகம் மலர்ந்தது. "கேட்டியாண்ணே? கையாலன்னுதான் சொல்றாரு. ஆள் முழுசா வேணும்னு சொல்லலியே!"

"கை ஜன்னல் கம்பியில நுழையும்" என்றார் செங்கோடன்.

மணப்பெண்ணை மண்டபத்தின் பின்புறம் அழைத்துப் போய், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை ஒரு கம்பிக்கு இந்தப் பக்கம் வலது கையும் அந்தப் பக்கம் இடது கையுமாக நீட்டினார். கெட்டிமேளம் முழங்க மூன்று முடிச்சும் விழுந்தது.

தங்கராசு மச்சான்களைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீங்க இல்லாட்டி என் மானமே போயிருக்கும்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனார்.

கோமதி திரும்ப முயன்றாள், முடியவில்லை. தாலிக்கயிற்றுக்குள் அவள் கழுத்தும் இருந்தது, ஜன்னல் கம்பியும் இருந்தது.

"மாமா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கயித்தை அறு..." என்று செங்கோடன் ஆரம்பித்ததும் அங்கிருந்த பெண்களெல்லாம் சேர்ந்து அவர் வாயைப் பொத்தினார்கள்.

"அப்ப ஜன்னலைத்தான் எடுக்கணும்" என்றார் நல்லதம்பி. ஜன்னலைப் பற்றி மண்டபத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே. பக்கத்தில் யாரோ சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்; கடப்பாரை கிடைத்தது. ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து வந்தது. கோமதியை நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னலை மடியில் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை சந்தோஷமாக ஒரு காலை வெளியே போட்டார். பழனியாண்டி ஓடிப்போய் அந்தக் காலை மரியாதையாகத் தூக்கி உள்ளே வைத்தார். "விழுந்துடப் போறீங்க மாப்பிள்ளை."

பிறகு மூவரும் அந்த ஓட்டையைக் கவலையோடு பார்த்தார்கள்.

"எம்மாம் பெரிய ஓட்டை! மாப்பிள்ளைய எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"கோமதி கதி என்னாகுறது?"

செங்கல்லும் குழைத்த சிமெண்டும் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தன. முதல் பந்தி எழுந்திருப்பதற்குள் ஓட்டை அடைபட்டது. மண்டபத்துக்காரர் வந்து கதவை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

"நான் எப்படிங்க வெளிய வர்றது?" என்று உள்ளிருந்து மாப்பிள்ளை அலறினார்.

நல்லதம்பி சுவரோரம் வாயை வைத்து, "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. மொதல்ல சிமெண்ட் நல்லாக் காயட்டும், அப்புறம் உக்காந்து யோசிப்போம்" என்றார்.