ஒரு இலை போதும்

"அம்மா, நாளைக்குப் பந்தியிலே ஒரு அநியாயம் நடக்கப் போகுது," என்றார் நல்லபெருமாள்.

உலகம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மலையடிவார மடத்துக்கு அவர்தான் குரு. நல்லபெருமாளுக்கு மகளாக இருக்க வேண்டிய வயது. நல்லபெருமாள் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, அதற்கப்புறம் ஞானம் தேடி வந்த சீடர்.

"என்ன அநியாயம், பெரியவரே?"

"இசக்கிமுத்துவை வெளியே அனுப்பப் போறாங்க. குருபூசைக்கு வச்சிருந்த தேனை அவன் குடிச்சிட்டானாம்."

"குடிச்சானா?"

"இல்லேம்மா. குடத்திலே விரிசல். என் கண்ணால பார்த்தேன். தேன் பூரா மண்தரையிலே இறங்கியிருக்கு. எறும்பு மொய்க்குது."

"அதை அங்கே சொன்னீங்களா?"

நல்லபெருமாள் அங்கே வாயே திறக்கவில்லை.

இசக்கிமுத்து ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரன். மடத்துக்குத் தண்ணீர் சுமப்பவன். படுப்பது சாமான் வைக்கும் உக்கிராண அறையில், அந்தக் குடத்துக்குப் பக்கத்தில். அக்கரைக்காரனுக்குக் கை நீளம் என்று இக்கரையில் ஒரு பேச்சு. யார் வீட்டில் எப்போது என்ன போனது என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அக்கரைக்காரன் திருடன் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

வெளியே போனால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. இக்கரைக்காரன் மடத்தில் சோறு தின்றவன் என்று சொந்த ஊர் அவனைத் தள்ளி வைத்துவிட்டது. ஐப்பசி மழையில் ஆறு வேறு கரை புரண்டு ஓடியது. அவனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல்.

அந்த மடத்தில் யாரும் யாரையும் வாய்விட்டுக் குற்றம் சொல்லக் கூடாது. பழைய குருமார் போட்ட கட்டு அது. ஒருவரோடு சேர்ந்து உண்ண மனமில்லையென்றால், சோறு விழும் முன் தன் இலையை மூடிவிட வேண்டும். பந்தியில் மற்ற எல்லா இலையும் மூடினால் அந்த ஆள் எழுந்து மடத்தை விட்டுப் போக வேண்டியதுதான். ஒரே ஓர் இலை திறந்திருந்தாலும் அவன் இருக்கலாம். பந்தியில் குருவுக்கு மட்டும் இலை கிடையாது. எல்லாரும் உண்ட பிறகே அவர் உண்பார்.

"ஒரு இலை போதுமே, பெரியவரே," என்றார் உலகம்மை.

"போதும்தான். ஆனா நான் ஒருத்தன் மட்டும் திறந்து வச்சா, இவன் அக்கரைக்காரனுக்குக் கூட்டாளின்னு பேசுவாங்க. நாலு பேரோட நின்னா பலமா இருக்கும்."

"நாலு பேர் வேணுமா?"

"வேணும்மா."

"அப்ப போய்ச் சேருங்க."

நல்லபெருமாள் நல்ல மனுஷன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவருக்கும் கிடையாது. உடனே கிளம்பிவிட்டார்.

முதலில் சமையல்காரர் சுடலைமணியிடம் போனார். சுடலைமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விரிசலை நானும் பார்த்தேன் ஓய். அவன் பச்சைப்பிள்ளை மாதிரி. ஆனா மத்தவன்லாம் கொதிச்சுப் போய்க் கிடக்கான். நான் என்னத்தைச் சொல்ல?"

"நீர் மட்டும் இல்லே. நானும் இருக்கேன்."

"அப்ப சரி."

அடுத்தது பூக்கட்டும் வன்னியப்பன். அவரும் அதையே சொன்னார். அவன் எடுத்திருக்க மாட்டான், ஆனால் மற்றவர்கள் விடமாட்டார்கள். "சுடலைமணியும் நம்ம பக்கம்தான்," என்று நல்லபெருமாள் தைரியம் சொன்னார்.

இப்படியே வீடு வீடாய்ப் போகிற மாதிரி அறை அறையாகப் போனார். போகப் போக ஆள் சேர்ந்துகொண்டே வந்தது. ஒருத்தர்கூட இசக்கிமுத்துவைத் திருடன் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் மற்றவர்களைப் பார்த்துத்தான் பயம். கடைசியில் மடமே அவன் பக்கம் என்று தெரிந்தபோது நல்லபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியே போய் இசக்கிமுத்துவிடம் சொன்னார். "பயப்படாதேடே. ஒருத்தனும் இலையை மூட மாட்டான்."

அவன் போர்வைக்குள்ளிருந்து கும்பிட்டான். "நீங்க சொன்னாச் சரிதான், ஐயா."

மறுநாள் மத்தியானம் பந்தி உட்கார்ந்தது. சமையல்காரரும் அன்று பரிமாறவில்லை, இலை போட்டு உட்கார்ந்தார். கடைசி இலை இசக்கிமுத்துவுக்கு. உலகம்மை சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றார்.

இலையில் தண்ணீர் தெளித்தார்கள்.

நல்லபெருமாள் மனசுக்குள் கணக்குப் போட்டார். சுடலைமணி திறந்து வைப்பார். வன்னியப்பன் திறந்து வைப்பார். இத்தனை பேர் இருக்கும்போது நம்முடையது ஒன்று குறைந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? வீண் பகை எதற்கு?

அவர் இலையை மூடினார்.

மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வரிசை முழுக்க முதுகு காட்டிக்கொண்டு கிடந்தன இலைகள். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

இசக்கிமுத்து நல்லபெருமாளைத்தான் பார்த்தான். கோபம் இல்லை. தான் நேற்று ஏதோ தப்பாகக் காதில் வாங்கிவிட்டோமோ என்கிற மாதிரிப் பார்த்தான். பிறகு தன் இலையை எடுத்து, உட்கார்ந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு, போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

நல்லபெருமாள் சுடலைமணியின் தோளைப் பிடித்தார். "திறந்து வைப்பேன்னீரே?"

"மடமே திறந்து வைக்கும்னு நீர்தானே சொன்னீர். அத்தனை பேர் இருக்கும்போது நான் எதுக்குன்னு நினைச்சேன்." சுடலைமணி நல்லபெருமாளின் இலையைக் காட்டினார். "அது கிடக்கட்டும். நீர் ஏன் ஓய் மூடினீர்?"

நல்லபெருமாள் தோளை விட்டுவிட்டார். வன்னியப்பனை அவர் கேட்கவே இல்லை.

எழுந்து உலகம்மையிடம் போனார்.

"அம்மா, நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்க குரு. நீங்க சொன்னா எல்லாரும் கேட்டிருப்பாங்க."

"கேட்டிருப்பாங்க," என்றார் உலகம்மை. "என்னைப் பார்த்துத் திறந்திருப்பாங்க. அவனைப் பார்த்து இல்லே."

"அதனாலென்ன? அவன் பிழைச்சிருப்பானே."

உலகம்மையின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"ஆமா," என்றார். "பிழைச்சிருப்பான். நான் வாயைத் திறக்காததும் தப்புதான்."

சோற்றுப் பானையில் ஒரு பிடியும் குறையவில்லை. இலை மூடிய நாளில் மடத்தில் யாரும் உண்பதில்லை. உலகம்மை ஒரு தூக்குவாளியில் சோற்றை அள்ளினார். குழம்பை ஊற்றினார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"எங்கேம்மா?"

"அவன் எந்தப் பக்கம் போனான்னு பார்க்கணும்."

"இந்த மழையிலேயா? மடத்தை விட்டுட்டா?"

உலகம்மை வாசற்படி இறங்கி, முற்றத்துத் தண்ணீரில் கால் வைத்தார். அப்புறம் நின்று திரும்பினார்.

"நீங்களும் வாங்க, பெரியவரே. காய்ச்சக்காரனை நான் ஒருத்தியாத் தூக்க முடியாது."

"வரேம்மா," என்றார் நல்லபெருமாள். மனசார வந்த வார்த்தை அது.

மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். ஒரு காலைப் படியில் வைத்தார்.

வைத்துவிட்டு, கூட யாரெல்லாம் வருகிறார்கள் என்று உள்ளே திரும்பிப் பார்த்தார்.

எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.